துரை தரையானதும், திரும்பத் துரையானதும்

பெரியப்பாவின் அச்சகம் வடக்கு மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் இருந்தது. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, பில் புக், கோயில் நோட்டீஸ் என்று எல்லாம் அடிப்பார்கள். மார்கழி பிறந்தால் சிவகாசியிலிருந்து தினசரி காலண்டர் வாங்கி, அட்டையில் அச்சகத்தின் பெயரைப் போட்டு, வாடிக்கைக்காரர்கள் அத்தனை பேருக்கும் அனுப்பிவைப்பார். கடையை மூடி நாலு வருடம் ஆகிவிட்டது. காலண்டரை மட்டும் இன்னும் நிறுத்தவில்லை. அதற்கான முகவரிப் பட்டியலில் 1,312 பேர்.

பட்டியல் முதலில் இருந்தது விண்டோஸ் 98 கம்ப்யூட்டரில். ஃபாக்ஸ்ப்ரோ என்ற பழைய தரவுத்தள மென்பொருளில் அட்டவணை, பார்ப்பதற்குப் பாமினி என்ற தமிழ் எழுத்துரு. 2009-இல் அந்தக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. ஊரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் கொடுத்து எக்செல் கோப்பாக மாற்றி வாங்கியிருக்கிறார். அந்தக் கோப்பை யாரும் திறந்து பார்க்கவில்லை, தேவையும் வரவில்லை. ஏற்கெனவே அடித்து வைத்திருந்த லேபிள் தாள்கள் 55 இருந்தன, தாளுக்கு 24 முகவரி. வருடா வருடம் அவற்றை ஸ்டிக்கர் தாளில் ஜெராக்ஸ் எடுத்து ஒட்டிவிடுவார். போன ஐப்பசி மழையில் ஓடு ஒழுகி அந்தக் கட்டு நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. கிழியாமல் பிரிந்து வந்தவை 14 தாள்தான்.

"அந்த லிஸ்ட்ட என் போன்ல ஏத்திக் குடுடா தம்பி. பேரைத் தட்டுனா வரணும்" என்று பென் டிரைவைக் கையில் கொடுத்தார். ஒரு சாயங்காலத்து வேலை என்று நினைத்து வாங்கிக்கொண்டேன். மூன்று வாரம் ஆனது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். பழைய பாமினிக் கோப்பு எத்தனையோ அச்சகங்களில், சங்க அலுவலகங்களில் இன்னும் கிடக்கிறது. எடுக்கப் போகிறவர்களுக்கு உதவும்.

கோப்பைத் திறந்து, எல்லாக் கட்டத்தையும் தேர்ந்தெடுத்து, பாமினி எழுத்துருவைப் போட்டேன். தமிழ் வந்தது. ஆனால் ஊர் "மதரை" என்று வந்தது. 1,312 வரியில் ஓர் இடத்தில்கூட மதுரை இல்லை. மீனாட்சி "மினாட்சி"யாக நின்றாள். துரைப்பாண்டி "தரைப்பாண்டி". கீழ மாசி வீதி "கிழ மாசி விதி". திருப்பரங்குன்றம் "திரப்பரங்கன்றம்". முதலில் எழுத்துருதான் பழுது என்று நினைத்து வேறொரு பாமினியை இறக்கிப் போட்டுப் பார்த்தேன். அதே மதரை.

காரணம் புரிய, எழுத்துருவைக் கழற்றி ஆங்கிலமாகவே பார்க்க வேண்டியிருந்தது. பாமினி போன்ற எழுத்துருவில் கோப்புக்குள் தமிழ் என்று எதுவும் இல்லை. இருப்பது ஆங்கில எழுத்துகளின் எண்கள். எழுத்துரு மட்டும் அந்த எண்களுக்கு ஆங்கில வடிவத்துக்குப் பதிலாகத் தமிழ் வடிவத்தைக் காட்டுகிறது. மதுரை என்பது அதில் ஸ்மால் கே, கேப்பிட்டல் ஜே, ஸ்மால் ஐ, ஸ்மால் யூ என்ற நாலு எழுத்து. ஸ்மால் ஜே என்றால் த. கேப்பிட்டல் ஜே என்றால் து. தமிழ்த் தட்டச்சு படித்தவர்களின் கைக்கு இது பழக்கமான அமைப்பு: ய, ள, ன, க, ப என்று நடு வரிசை, ஷிஃப்ட்டோடு தட்டினால் அதே சாவியில் யு, ளு, னு, கு, பு. ஆக, கேப்பிட்டல் எழுத்துகளில்தான் பெரும்பாலான உகரமும், ஆ, ஊ, ஏ, ஓ என்ற நெடில்களும், ஈகாரக் கொம்பும், ஏகாரக் கொம்பும் உட்கார்ந்திருக்கின்றன.

என் கையில் இருந்த கோப்பில் ஒரு கேப்பிட்டல் எழுத்துகூட இல்லை. மாற்றிக் கொடுத்தவர் முழுக் கோப்பையும் ஸ்மால் எழுத்தாக்கிவிட்டிருக்கிறார். அவர் கண்ணுக்கு அது பெரிதும் சிறிதும் கலந்து கிடந்த அர்த்தமற்ற ஆங்கிலம். ஒழுங்குபடுத்திக் கொடுத்ததாகவே நினைத்திருப்பார்.

கேப்பிட்டல் ஜேயின் எண் 74. ஸ்மால் ஜேயின் எண் 106. நடுவே 32. ஆஸ்கி என்ற அமெரிக்கக் குறியீடு 1963-இல் வந்தபோது அதில் ஸ்மால் எழுத்தே கிடையாது. 1967 திருத்தத்தில்தான் சேர்ந்தது. கேப்பிட்டல்கள் 65 முதல் 90 வரை, ஸ்மால்கள் 97 முதல் 122 வரை. எந்த எழுத்தானாலும் இடைவெளி அதே 32. இரும எண்ணாக எழுதினால் 74 என்பது 01001010, 106 என்பது 01101010. இடமிருந்து மூன்றாவது இலக்கம் ஒன்றுதான் வேறு. அந்த ஒற்றை பிட்டைத் தட்டினால் பெரிது சிறிதாகும். ஆங்கிலத்தில் அதனால் சொல் மாறாது. பாமினியில் உகரமே போய்விடும்.

இந்த ஜேயை நான் வேறோரிடத்திலும் பார்த்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன்னால் அலுவலக மின்னஞ்சல்களின் வாக்கிய முடிவில் காரணமில்லாமல் ஒரு கேப்பிட்டல் ஜே வந்து நிற்கும். எழுதியவர் சிரிக்கும் முகத்துக்காக முக்காற்புள்ளியும் அடைப்புக்குறியும் போட்டிருப்பார். அவுட்லுக் அதை விங்டிங்ஸ் எழுத்துருவின் சிரித்த முகமாக மாற்றும். அந்த எழுத்துருவில் சிரித்த முகத்தின் எண்ணும் 74. எழுத்துரு போய்ச் சேராத இடத்தில் வெறும் ஜே தெரியும். எண்ணுக்கு என்று சொந்த முகம் இல்லை என்பது எனக்கு அப்போதே தெரிந்திருந்தது. ஒரு பட்டியல் முழுக்கவே அப்படி முகமிழந்து கைக்கு வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

முதலில் மூலக் கோப்பைத் தொடாமல் நகல் எடுத்துக்கொண்டு, முகவரிப் பகுதியில் ஆரம்பித்தேன். தெருவும் ஊரும் திரும்பத் திரும்ப வருபவை, அதனால் சுலபம். எதெது தப்பியது என்று பார்ப்பதே ஆர்வமாக இருந்தது. உசிலம்பட்டியும் வாடிப்பட்டியும் அப்படியே இருந்தன, ஏனென்றால் "டி" பாமினியில் ஸ்மால் பீ. பழங்காநத்தம், சிம்மக்கல் இரண்டுக்கும் சேதமில்லை. குளம், புரம், குன்றம் வருகிற பெயர்களெல்லாம் விழுந்துவிட்டன: தல்லாகளம், அவனியாபரம். ஆரப்பாளையம் அரப்பாளையமாகிவிட்டது. மூல வீதியில் மூ மட்டும் பிழைத்தது, அது சதவீதக் குறியின் இடத்தில் இருப்பதால். கூடல் நகரில் கூ பிழைத்தது, அது டாலர் குறி.

மேலூர், செல்லூர், அலங்காநல்லூர் மூன்றும் தாங்களே வழி காட்டின. லூ என்பது பாமினியில் லு போட்டு அதன் பின்னால் ஒரு நெளிவு அடைப்புக்குறி. அந்தக் குறி உகர எழுத்தை ஒட்டித்தான் வரும். ஆக, குறிக்கு முன்னால் ஸ்மால் எழுத்து நின்றால் அது கண்டிப்பாக முன்பு கேப்பிட்டல்.

ர் விஷயத்தில் ஒருமுறை சறுக்கினேன். பாமினியில் ர் அடிக்க இரண்டு வழி உண்டு. கேப்பிட்டல் ஹெச் ஒன்றைத் தட்டினால் புள்ளியோடு ர் வரும். அல்லது துணைக்காலைத் தட்டி, அதன்மேல் புள்ளி வைத்தாலும் ர் போலவே தெரியும். ஸ்மால் ஹெச் துணைக்காலாகவும் நிற்கும், ரி எழுதும்போது ரகரமாகவும் நிற்கும். பெரியப்பா கடையில் இரண்டு பேர் டைப் செய்திருக்கிறார்கள், ஆளுக்கொரு வழக்கம். புள்ளி வைத்தவர் அடித்த நகர், குமார் எல்லாவற்றிலும் ர் உயிரோடு இருந்தது. மற்றவர் அடித்ததெல்லாம் "நகா", "கமாா" ஆகிவிட்டன. இரண்டு துணைக்கால் அடுத்தடுத்து வராது, அதனால் இரண்டாவதை ர் ஆக்கிவிடலாம் என்று ஒரே அடியாக மாற்றினேன். மாரியப்பன்கள் அத்தனை பேரும் உடைந்துபோனார்கள். மாரியில் மாவின் கால் ஒன்று, ரியின் ரகரம் ஒன்று, இரண்டுமே ஸ்மால் ஹெச். நகலிலிருந்து மறுபடி ஆரம்பித்து, அடுத்து வருவது இகரக் கொம்பாகவோ புள்ளியாகவோ இருந்தால் தொடாதே என்று நிபந்தனை போட்டேன்.

மற்ற சொற்களுக்குத் தலைகீழாகப் போனேன். சிதைந்த சொல்லிலிருந்து சரியான சொல்லை ஊகிப்பதைவிட, சரியான சொல்லைச் சிதைத்துப் பார்ப்பது நல்லது. தெரிந்த தெரு, ஊர், ஆள் பெயர்களை யூனிகோடில், அதாவது தமிழ் எழுத்துகளுக்கென்றே தனி எண்கள் உள்ள இன்றைய குறியீட்டில், ஒரு கோப்பாக அடித்தேன். அச்சகத்தின் மாதிரி ஆல்பத்தில் பழைய கல்யாணப் பத்திரிகைகள் இருந்தன, அவற்றைப் பார்த்து அக்கா பெயர்களை வாசிக்க நான் அடித்தேன். பைத்தானில் சின்ன நிரல் எழுதி ஒவ்வொரு பெயரையும் பாமினிக்கு மாற்றி, பிறகு ஸ்மாலாக்கி, அதற்கு நேராகச் சரியான பெயரை வைத்தேன். சிதைந்த வடிவம் பட்டியலில் எங்கே வந்தாலும் இந்த அகராதியில் தேடினால் அசல் கிடைக்கும்.

முகவரிகள் இதில் ஏறக்குறைய முழுதும் தேறின. சந்தேகம் வந்த இடத்தில் அஞ்சல் குறியீட்டு எண் கைகொடுத்தது, எண்களுக்குப் பெரிது சிறிது கிடையாதே. 625106 இருந்தால் மேலூர், 625706 இருந்தால் திருமங்கலம். ஒரு வரியில் "கடம்பம்" என்று வந்தது. கடம்பவனம் என்று பேர் வாங்கிய ஊராயிற்றே, ஏதோ கடையின் பெயர் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. இன்னார் குடும்பம் என்று அடித்திருக்கிறார்கள். குடும்பம் ஸ்மாலானால் அச்சு அசலாகக் கடம்பம்.

ஆள் பெயர்களில்தான் உட்கார்ந்துவிட்டேன். குமார், முருகன், சுந்தரம் போன்றவற்றில் குழப்பமில்லை, கமார் என்று யாருக்கும் பெயர் வைப்பதில்லை. ஆனால் அனந்தனும் ஆனந்தனும் ஸ்மாலில் ஒன்றுதான். பாலுவும் பாலாவும் வேறு வேறாகவே நிற்கும், ஆனால் பாலு, பால இரண்டும் ஒன்று. ராமர், ராமா. சுந்தர், சந்தர். அகராதியில் தேடியபின் ஒரே விடை கிடைத்தவை 1,040 வரி. ஒன்றுக்கு மேல் விடை வந்தவை 190. விடையே வராதவை 82. ஒருவர் பெயரைத் தப்பாகப் போட்டு அவர் வீட்டுக்குக் காலண்டர் அனுப்ப பெரியப்பா சம்மதிக்க மாட்டார்.

அவரிடமே பட்டியலை எடுத்துக்கொண்டு போனேன். பாமினி எழுத்துருவிலேயே, சிதைந்தபடியே, வரிசை எண்ணோடு அச்சடித்த தாள்கள். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார். "தரை" என்பதையெல்லாம் யோசிக்காமல் துரை என்றே வாசித்தார்.

"இதென்ன பெரியப்பா, பாத்ததுமே துரைன்னு சொல்றீங்க?"

"பின்ன? இந்த லிஸ்ட்ல துரை முடிஞ்சா முருகன் வருவான். தமிழரசியெல்லாம் எங்கிட்டோ கடைசியில கெடக்கும். ஆனந்தன் மேல இருப்பாரு, அனந்தன் அடியில இருப்பாரு. அனாவன்னாவ அடியில போட்டுருக்கானேன்னு நான் அப்பவே கேட்டேன். கம்ப்யூட்டர் அப்படித்தான் அடுக்கும்னுட்டான்."

தாளை வாங்கிப் பார்த்தேன். உண்மைதான். ஸ்மால் ஜேயில் தொடங்கும் பெயர்கள் ஒரே கூட்டமாக இல்லை, இரண்டு இடத்தில் நின்றன. ஆரம்பப் பக்கங்களில் ஒரு கூட்டம், அதைத் தாண்டி வெகுதூரத்தில் இன்னொரு கூட்டம். ஃபாக்ஸ்ப்ரோ வழக்கமாக எழுத்தின் எண்ணை வைத்தே அடுக்கும். 74 முன்னால் வரும், 106 பின்னால் வரும். பட்டியல் அடுக்கப்பட்டது கேப்பிட்டல்கள் இருந்த காலத்தில். வரிசை எண்ணும் அப்போதே போட்டாகிவிட்டது. பிறகு கேப்பிட்டல்களை அழித்தவர் வரிசையைக் கலைக்கவில்லை. எழுத்திலிருந்து போன பிட், எழுத்து நின்ற இடத்தில் அப்படியே இருந்தது.

அன்று ராத்திரி தூங்கவில்லை. முதலெழுத்தைப் பொறுத்தவரை எல்லைக்கல் கண்ணுக்கு நேராகவே நின்றது. ஜ என்ற எழுத்து பாமினியில் சதுர அடைப்புக்குறியின் இடத்தில், அதன் எண் 91. கேப்பிட்டல்கள் 90-இல் முடிகின்றன, ஸ்மால்கள் 97-இல் தொடங்குகின்றன. இ, மூ போலக் குறிகளின் இடத்தில் இருப்பவற்றை விட்டால், பட்டியலில் ஜமுனா, ஜானகி என்ற வரிகளுக்கு மேலே இருப்பதெல்லாம் கேப்பிட்டலில் தொடங்கியவை, கீழே இருப்பதெல்லாம் ஸ்மாலில் தொடங்கியவை. ஆனந்தன் 77, ஜமுனாவுக்கு மேலே. அனந்தன் 109, ஜானகிக்குக் கீழே. பெரியப்பா சொன்ன அதே வரிசை.

இரண்டாம் எழுத்துக்கும் இதே முறை செல்லும். ம-வில் தொடங்கும் கூட்டத்தை எடுத்துக்கொண்டால் வரிசை இப்படிப் போகிறது: மதுரைவீரன், மகேஸ்வரி, மீனாட்சி, மருதுபாண்டி, அப்புறம் மகாலிங்கம், மாரியப்பன், மணி. ஆங்கிலத்தில் இரண்டாம் எழுத்தை மட்டும் பார்த்தால் ஜே, என், பீ, யூ என்று ஏறி வந்து, திடீரென்று எஃப்புக்கு இறங்கி, மறுபடி ஹெச், ஸெட் என்று ஏறுகிறது. அந்த இறக்கம்தான் கேப்பிட்டலும் ஸ்மாலும் பிரியும் இடம். நிரலில் எழுதியதும் இதையேதான்: ஒவ்வொரு வரிக்கும் அகராதி தந்த விடைகளில், மேல் வரியைவிடக் குறையாமலும் கீழ் வரியைவிடக் கூடாமலும் இருக்கும் விடையை மட்டும் வைத்துக்கொள். அகராதியில் விடையே வராதவற்றுக்கு, ஒவ்வொரு எழுத்தையும் பெரிதாகவும் சிறிதாகவும் போட்டுப் பார்த்து, வரிசைக்குப் பொருந்தாததைத் தள்ளிவிட்டு, மிஞ்சியதை நான் கண்ணால் பார்த்தேன்.

வரிசை எல்லாவற்றையும் சொல்லாது. பக்கத்து வரியோடு எந்த எழுத்தில் வேறுபடுகிறதோ அதுவரைக்கும்தான் அது பேசும், பெயரின் கடைசி எழுத்தை அனேகமாகத் தொடாது. ராமரா ராமாவா என்பது பல இடங்களில் தீரவில்லை. ஆனாலும் 272 சந்தேகங்கள் 31-ஆகச் சுருங்கின. பிழைத்த 14 லேபிள் தாள்களில் இருந்த 336 முகவரிகளைத் தேர்வுத்தாள் போல ஒதுக்கி வைத்திருந்தேன், நிரலுக்கு அவற்றைக் காட்டவில்லை. ஒப்பிட்டதில் 11 தவறு. பெரும்பாலும் ர் விஷயம், நிபந்தனையைத் திருத்தியதும் மூன்றாகக் குறைந்தது.

கேப்பிட்டல்கள் திரும்பியபின் யூனிகோடுக்கு மாற்றுவது தெரிந்த வேலை. து என்பது பாமினியில் ஓர் எண், 74. யூனிகோடில் இரண்டு: த 2980, உகரக் குறி 3009. மதுரை பாமினியில் நாலு பைட், யூடிஎஃப்-8 கோப்பில் 15 பைட். ரையின் ஐகாரக் கொம்பைப் பாமினி முன்னால் வைக்கும், கண்ணுக்குத் தெரிகிறபடி. யூனிகோடு ரகரத்துக்குப் பின்னால் வைக்கும், உச்சரிக்கிறபடி. அதனால் இடம் மாற்ற வேண்டும். கோ போன்ற மூன்று துண்டு எழுத்துகளை முதலில் மாற்றிவிட்டுத்தான் இரண்டு துண்டு, ஒரு துண்டுக்கு வர வேண்டும்.

இதில் மதுரைக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று ஔகாரம். பாமினியில் ஔகாரக் குறியின் பின்பாதிக்கும் ளகரத்துக்கும் ஒரே சாவி. சௌராஷ்டிரா, சௌந்தரம் என்ற சொற்கள் இந்த ஊரில் தெருவுக்குத் தெரு உண்டு. மாற்றும் நிரல் இவற்றைச் சரியாகப் பிடிக்க எண்ணி, எகரக் கொம்பு, மெய், ள என்று வந்ததையெல்லாம் ஔகாரமாக்கினால் வெள்ளைச்சாமி "வௌ்ளைச்சாமி" ஆகிவிடுகிறார். ளவுக்குப் பின்னால் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் அது ளகரம், வேறு மெய் வந்தால் ஔகாரம் என்று பிரித்தேன். 1,312 வரியிலும் இந்த விதி தவறவில்லை.

படிப்பைப் பெயருக்குப் பின்னால் ஆங்கிலத்தில் போட்டிருந்தவர்கள் 40 பேர். எழுத்துரு விவரம் கோப்பில் இல்லாததால் பி.ஏ., பட்டம் "டி.ய.இ" என்று தமிழாகி நின்றது, பாமினியில் காற்புள்ளிச் சாவி இ என்பதால். அவற்றைக் கையால் திருத்தினேன்.

மிச்சம் இருந்த 31 பேரில் 25 பேருக்குப் பெரியப்பாவே போன் போட்டார். ஒவ்வொரு அழைப்பும் கால் மணி நேரம். பெயரில் உகரம் உண்டா என்று கேட்க ஆரம்பித்து, மகள் கல்யாணத்தில் வந்து நிற்கும். ஆறு பேருடைய எண் மாறிவிட்டது. அவர்களுக்கு நேரே சிவப்பு நிறம் போட்டு வைத்திருக்கிறேன், காலண்டரை அவரே வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துக் கேட்டுவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

போனில் ஏற்றி, துரை என்று தட்டிக் காட்டினேன். பதினேழு பேர் வந்தார்கள். பெரியப்பா சந்தோஷமாகத்தான் பார்த்தார். அப்புறம் பட்டியலை முதலிலிருந்து தள்ளிப் பார்த்தவர், அனந்தனும் ஆனந்தனும் அடுத்தடுத்து நிற்பதைப் பார்த்து நிறுத்திவிட்டார்.

"என்னடா, எல்லாத்தையும் கலைச்சுப்புட்ட? துரைக்கு அடுத்து முருகனக் காணோம்?"

பழைய வரிசை எண்ணை நான் அழிக்கவில்லை, தனிக் கட்டமாக வைத்திருந்தேன். அதை வைத்து அடுக்கிக் கொடுத்தேன். குமாரில் ஆரம்பித்துப் பெரியப்பா விரலால் தள்ளிக்கொண்டே போனார்.